கடைசியாக ஓடி வருகிறவன் சோம்பேறியா?



நம்ம ஊரில் ஒருத்தன் ஓடுகிறான் என்றால் அதற்கு மூன்று காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, பஸ் கிளம்பிவிட்டது. இரண்டு, தெருநாய் துரத்துகிறது. மூன்று, போலீஸ் செலக்‌ஷன் வருகிறது. இந்த மூன்றும் இல்லாமல் ஒருத்தன் சும்மா ஓடினால், "என்னப்பா, வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று டீக்கடையிலிருந்து நாலு பேர் விசாரிப்பார்கள். அதிலும் ஓடுகிறவன் கொஞ்சம் பருமனான ஆளாக இருந்துவிட்டால் போச்சு! விசாரணை நின்று சிரிப்பு ஆரம்பித்துவிடும்.

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்த மலரில் எழுத வேண்டும் என்று பேனாவை எடுத்தேன்.

என் எடை 95 கிலோ. வாரத்தில் மூன்று நாள் நம் மைதானத்தில் ஓடுகிறேன். 'ரோடு ரோலர்', 'தண்ணி லாரி', 'நிலநடுக்கம்' என்று எனக்குப் பட்டங்கள் உண்டு. டிப்ளமோ வாங்குவதற்கு முன்பே இத்தனை பட்டம் வாங்கியவன் நம் பாலிடெக்னிக்கில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்! அது போகட்டும். என்னைப் போல ஒவ்வொரு வகுப்பிலும் நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் மைதானத்தின் பக்கமே வருவதில்லை. விளையாட்டு விழா அன்று மரத்தடியில் உட்கார்ந்து விசிலடிப்பதோடு சரி. ஏன்? கால் வலியா? நேரமில்லையா? இல்லை நண்பர்களே... சிரிப்புக்குப் பயம்!

கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

நாமெல்லாம் எஞ்சினியரிங் படிக்கிறவர்கள். எதையும் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் நம்புவோம். சரி, போடுவோம்.

ஓடும்போது ஒரு மனிதன் ஒரு கிலோமீட்டருக்குச் செலவழிக்கும் சக்தி, அவன் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய 1 கிலோ கலோரி. நம்ம கிளாஸ் ஒல்லிக்குச்சி ஒருத்தன், எடை 55 கிலோ, 400 மீட்டர் சுற்றை 2 நிமிடத்தில் முடிக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் செலவழித்தது 22 கிலோ கலோரி. அதே சுற்றை 95 கிலோ ஆள் 3 நிமிடம் 20 வினாடியில் முடிக்கிறான். அவன் செலவழித்தது 38 கிலோ கலோரி.

இப்போது நிமிடக் கணக்குக்கு வாருங்கள். ஒல்லியானவன் நிமிடத்துக்கு 11. பருமனானவன் நிமிடத்துக்கு 11.4! அதாவது, பின்தங்கி, மூச்சு வாங்கி, முகமெல்லாம் சிவந்து கடைசியாக வருகிறானே, அவனுடைய எஞ்சின்தான் அதிக பவர் கொடுத்திருக்கிறது. முதலில் வந்தவன் சட்டையில் ஈரம்கூட இல்லாமல் நின்று கொண்டு, "என்னடா மச்சி, ஆமை வேகத்துல வர்ற?" என்கிறான். லோடு ஏற்றிய லாரியையும் காலி வண்டியையும் ஒரே மேட்டில் விட்டு, லாரி எஞ்சின் சோம்பேறி என்று சொல்லுகிற மெக்கானிக்கை நீங்கள் வேலைக்கு வைத்துக் கொள்வீர்களா?

"முட்டி போயிடும்டா!"

கிண்டல் செய்கிறவர்களுக்கு அடுத்தபடியாக வருகிறவர்கள் அக்கறைப்படுகிறவர்கள். "உன் வெயிட்டுக்கு ஓடினா முட்டி தேஞ்சிடும்டா, பேசாம நட" என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் தரை நம்மைத் திருப்பித் தள்ளும் விசை உடல் எடையைப்போல் 2 முதல் 3 மடங்கு வரை இருக்கும். நியூட்டன் தாத்தா யாரையும் விடமாட்டார்! 95 கிலோவுக்கு அது பெரிய லோடுதான்.

ஆனால் இன்னொரு பாதியும் இருக்கிறதே! பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் ஒரு கணக்கு வெளியானது. உடல் நலத்துக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம். ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம். போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடுகிறவர்களில் 13.3 சதவீதம். இது பருமனானவர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் 'ஓடினாலே முட்டி போய்விடும்' என்ற பேச்சு அவ்வளவு சரியில்லை என்று தெரிகிறதல்லவா?

காரணம் சுலபம். இரும்பு வேறு, எலும்பு வேறு. இரும்புக்குத் திரும்பத் திரும்ப லோடு கொடுத்தால் ஒரு நாள் பெடீக் ஆகி உடையும். அது தன்னைத் தானே ரிப்பேர் செய்து கொள்ளாது. எலும்பு உயிருள்ள பொருள். தாங்கக்கூடிய லோடு கொடுத்து, ஓய்வும் கொடுத்தால், அந்த லோடுக்கு ஏற்றபடி தன்னைப் பலப்படுத்திக் கொள்ளும். ஜூலியஸ் வுல்ஃப் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் 1892-லேயே இதை எழுதி வைத்தார். ஆனால் ஓய்வு கொடுக்காமல் ஓடினால் எலும்பிலும் கீறல் விழும். அதுதான் சூட்சுமம்.

புது பைக் வாங்கினால் என்ன செய்கிறோம்? 'ரன்னிங் இன்' முடிகிறவரை முறுக்காதே என்கிறோம். அதே மரியாதையை நம் முட்டிக்கும் கொடுத்தால் போதும். இதில் இன்னொரு விஷயம்: மூச்சும் தசையும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாரும் எலும்பும் பழக மாதக் கணக்கில் ஆகும். "இன்னைக்கு நல்லா இருக்கே, இன்னும் ரெண்டு ரவுண்டு போவோம்" என்று மனசு சொல்லும்போதுதான் நிறுத்த வேண்டும்.

எப்படி ஆரம்பிப்பது?

இது நானும் என் நண்பர்கள் இரண்டு பேரும் கடைப்பிடிக்கிற முறை. புதிதாகக் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை.

முதலில் 5 நிமிடம் வேகமான நடை. பிறகு 1 நிமிடம் மெல்லோட்டம், 2 நிமிடம் நடை. இப்படி 6 தடவை. கடைசியில் 5 நிமிடம் சாதாரண நடை. வாரம் மூன்றே நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். இரண்டு வாரம் சுலபமாகப் போனால் ஓடும் நேரத்தைக் கொஞ்சம் கூட்டலாம். கஷ்டமாக இருந்தால் அதே அளவில் இன்னும் ஒரு வாரம். இடையில் நடப்பது தோல்வி இல்லை. மேட்டில் ஏறும்போது கியரைக் குறைப்பதை யாராவது தோல்வி என்பார்களா?

வேகம் எவ்வளவு? பக்கத்தில் வருகிறவனோடு ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம். அவ்வளவுதான். வாட்ச் தேவையில்லை.

அடியைச் சின்னதாக வையுங்கள். காலை நீட்டி நீட்டி ஓடினால் முழங்காலுக்கு அடி அதிகம். ஒரு நிமிடத்துக்கு வைக்கும் அடிகளை 5 முதல் 10 சதவீதம் கூட்டினாலே முழங்கால் ஏற்கும் சுமை குறைகிறது என்று 2011-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

ஒர்க் ஷாப் ஷூவோடு ஓடாதீர்கள். அது காலில் இரும்பு விழாமல் இருக்கத்தான். விலை அதிகமானது என்று இல்லை, உள்ளே மெத்தென்று இருக்கிற, குதிகால் தேயாத ஓட்ட ஷூ ஒன்று போதும். தொடை உரசிப் புண்ணாகிறது என்று வெட்கப்பட்டு ஓட்டத்தை விட்டவர்கள் உண்டு. உள்ளே முழங்கால் வரை இறுக்கமான சைக்கிள் டிராயர் போடுங்கள், கொஞ்சம் வாசலின் தடவுங்கள். தீர்ந்தது பிரச்சினை. இதையெல்லாம் யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

வெயில்! இதில் மட்டும் விளையாட வேண்டாம். பெரிய உடம்பு ஓடும்போது அதிகச் சூட்டை உண்டாக்கும். ஆனால் சூட்டை வெளியேற்றும் தோலின் பரப்பு, எடை கூடிய அளவுக்குக் கூடாது. பெரிய எஞ்சினுக்குச் சின்ன ரேடியேட்டர் மாட்டிய கதைதான். சித்திரை, வைகாசியில் சூரியன் ஏறுவதற்கு முன் முடித்துவிடுங்கள். தலை சுற்றினாலோ, நெஞ்சில் வலி, இறுக்கம் வந்தாலோ அந்த இடத்திலேயே நிறுத்தி டாக்டரைப் பாருங்கள். உடம்பு பூரா லேசாக வலிப்பது சகஜம். எலும்பில் ஒரே புள்ளியில், தொட்டால் குத்துகிற மாதிரி வலித்தால் ஓடவே கூடாது. மூச்சிரைப்பு நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களும், வீட்டில் சர்க்கரை, இதய நோய் உள்ளவர்களும் ஆரம்பிக்கும் முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு தடவை பார்த்துக் கொள்வது நல்லது. முட்டியில் ஏற்கெனவே கோளாறு இருக்கிறவர்களுக்கு நடையோ சைக்கிளோ நீச்சலோ போதும். எல்லோரும் ஓடியே ஆக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஓட விரும்புகிறவனை ஓட விடுங்கள் என்கிறேன்.

மெலிந்தால்தான் வெற்றியா?

ஒரு மாதம் ஓடிய பிறகு எல்லோரும் கேட்கும் கேள்வி: "எத்தனை கிலோ குறைஞ்சே?" இந்தக் கேள்விதான் பலரை மைதானத்தை விட்டே துரத்துகிறது. ஒரு சுற்றுக்கு 38 கிலோ கலோரி என்று மேலே பார்த்தோம். ராத்திரி கடையில் சால்னா ஊற்றி அடிக்கிற பரோட்டாவுக்கு எத்தனை சுற்று ஆகும் என்று நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்! எடை குறைவது பெரும்பாலும் சாப்பாட்டுத் தட்டில்தான் முடிவாகிறது. ஓட்டத்தின் பலன் வேறு இடத்தில் தெரியும். இதயத்தில், ரத்த அழுத்தத்தில், சர்க்கரையில், தூக்கத்தில்!

அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்துக் கூப்பர் நிலையத்தில் ஸ்டீவன் பிளேர் என்ற ஆராய்ச்சியாளர் இருந்தார். அவரும் சகாக்களும் ஏறக்குறைய 22 ஆயிரம் ஆண்களைப் பல ஆண்டுகள் கவனித்து 1999-இல் முடிவை வெளியிட்டார்கள். உடல் திறன் இல்லாத ஒல்லியான ஆண்களைவிட, உடல் திறன் உள்ள பருமனான ஆண்களுக்கு இறப்பு ஆபத்து குறைவாக இருந்தது! இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த பிளேரே குள்ளமாக, குண்டாக இருந்தவர். 30 ஆண்டுகளுக்கு மேல் அநேகமாகத் தினமும் ஓடியும் அப்படியேதான் இருக்கிறேன் என்று அவரே சொல்லிச் சிரிப்பாராம். 2023-இல் காலமாகும்போது அவருக்கு வயது 80-ஐத் தாண்டியிருந்தது.

எடை ஒரு பொருட்டே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் என்று 2023-இல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்லுகிறது. எடையும் அதற்கு ஒரு காரணம்தான். ஆனால் மெஷின் மூன்று மாதத்தில் இவ்வளவு காட்டினால்தான் பாஸ் என்று வைத்தால், காட்டாத அன்றைக்கு ஓட்டம் நின்றுவிடும். நேற்று 1 நிமிடம் ஓடியவன் இன்று 5 நிமிடம் ஓடுகிறான் என்றால், அதுதான் பாஸ்!

பேரவைக்குச் சில வார்த்தைகள்

"கிண்டல் பண்ணினாத்தான் ரோஷம் வந்து குறைப்பான்" என்று சில நண்பர்கள் வாதாடுகிறார்கள். எடையைச் சொல்லிக் கேலி செய்யப்படுகிறவர்கள் உடற்பயிற்சியைத் தவிர்க்கத் தொடங்குகிறார்கள் என்றுதான் ஆய்வுகள் சொல்லுகின்றன. நம் மரத்தடியே அதற்குச் சாட்சி. ஆண்களுக்கே இப்படி என்றால், பருமனான ஒரு மாணவி மைதானத்தில் இறங்க எவ்வளவு தைரியம் வேண்டும்! அவர்களுடைய கூச்சத்துக்கு நம் கண்ணும் வாயும்தான் காரணம்.

நமக்குத் தெரிந்த ஓட்டமெல்லாம் தேர்வு ஓட்டம். ஸ்டாப் வாட்ச், விசில், கடைசி ஆள் அவுட். போலீஸ் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடியாக வேண்டும். அது வேலைக்கு. ஆரோக்கியத்துக்கு ஓடுகிறவனுக்கு எதற்கு விசில்?

ஆகவே மாணவர் பேரவையை நான் கேட்பது நாலே நாலு. ஒன்று, காலை ஐந்தரை மணிக்கு மைதானத்தின் கதவைத் திறந்து ஒரு விளக்குப் போடச் சொல்லுங்கள். இரண்டு, மாணவிகளுக்குத் தனி நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். மூன்று, விளையாட்டு விழா பனியன் தைக்கும்போது எக்ஸ் எல், டபுள் எக்ஸ் எல் அளவிலும் நாலு தையுங்கள். பனியன் கிடைக்காத காரணத்தாலேயே அணிவகுப்பில் நிற்காதவர்கள் இருக்கிறார்கள். நான்கு, அடுத்த விழாவில் நேரம் குறிக்காத 3 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று வையுங்கள். ஓடலாம், நடக்கலாம், முடித்த எல்லோருக்கும் ஒரே சான்றிதழ். இதற்கெல்லாம் பெரிய செலவில்லை, மனசுதான் வேண்டும்.

சக நண்பர்களுக்கு ஒரே வேண்டுகோள். அடுத்த தடவை ஒரு கனமான ஆள் மைதானத்தில் ஓடி வந்தால் சிரிக்காதீர்கள். கைதட்டவும் வேண்டாம், அதுவும் கூச்சம்தான். முடிந்தால் பக்கத்தில் அவன் வேகத்திலேயே ஒரு சுற்று ஓடிப் பாருங்கள். அவனும் நம்ம ஆள்தான், அது நம்ம மைதானம்தான்!

— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை