கியூஆர் ஸ்டிக்கருக்குள் என்ன எழுதியிருக்கிறது? ஜாவாஸ்கிரிப்ட் அதைப் படிக்கும் விதம்!

டீக்கடை, பூக்கடை, கோயில் வாசலில் செருப்பு விடும் இடம் என கியூஆர் ஸ்டிக்கர் இல்லாத இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். யுபிஐ அறிமுகமானது 2016-ல். இன்று மொபைலைக் காட்டினால் கடையின் பெயர் வருகிறது, தொகையைப் போட்டு பின் நம்பரைத் தட்டினால் பணம் போய்விடுகிறது. சரி, அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது?

ரகசியம் எதுவும் இல்லை. ஒரே ஒரு வரி எழுத்து, அவ்வளவுதான்!

மளிகை லிஸ்ட் மாதிரிதான்

'அரிசி - 5 கிலோ, பருப்பு - 1 கிலோ' என்று மளிகை லிஸ்ட் எழுதுவதுபோல, அந்த வரியிலும் பெயரும் மதிப்பும் ஜோடி ஜோடியாக இருக்கும். 'பிஏ' என்றால் பணம் பெறுபவரின் யுபிஐ முகவரி. 'பிஎன்' என்றால் அவர் பெயர். 'ஏஎம்' தொகை, 'டிஎன்' குறிப்பு. பெயரையும் மதிப்பையும் = குறி சேர்க்கும். ஒரு ஜோடியையும் அடுத்த ஜோடியையும் & குறி பிரிக்கும். இணைய முகவரிகளில் கேள்விக்குறிக்குப் பிறகு நீளமாக வருகிறதே, அதுவும் இதே முறைதான்.

இந்த வரியைப் பிரித்து 'மேப்' ஒன்றில் போடுவது, ஜாவாஸ்கிரிப்ட் படிக்கும் மாணவர்களுக்கு ஆரம்பத்திலேயே வரும் பயிற்சி. மேப் என்பது லேபிள் ஒட்டிய டப்பாக்கள் அடுக்கிய அலமாரி. 'ஏஎம்' என்று கேட்டால் தொகையை எடுத்துக் கொடுக்கும். ஜாவாஸ்கிரிப்டில் இந்த வசதி 2015-ல் சேர்ந்தது.

& வரும் இடத்தில் வெட்டு, = வரும் இடத்தில் வெட்டு, மேப்பில் போடு. மூன்றே வரி கோடு! ஆனால், பணம் புழங்கும் இடத்தில் இந்த மூன்று வரி போதாது.

எங்கெல்லாம் சறுக்கும்?

* கடையின் பெயரிலேயே & இருந்தால்? 'முருகன் & சன்ஸ்' என்ற பெயரை அப்படியே போட்டால், 'முருகன்' தனியாகவும் 'சன்ஸ்' தனியாகவும் பிரிந்துவிடும். அதனால்தான் வரியை உருவாக்கும்போதே பெயருக்குள் இருக்கும் & குறியை % குறியுடன் கூடிய சங்கேதமாக மாற்றுகிறார்கள். படிக்கும்போது முதலில் வெட்ட வேண்டும், பிறகுதான் சங்கேதத்தைப் பழையபடி மாற்ற வேண்டும். வரிசை மாறினால் மறுபடியும் அதே சிக்கல்.

* மதிப்புக்குள் = இருந்தால்? சில கியூஆர்களில் 'சைன்' என்ற பெயரில் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும். அது பெரும்பாலும் = குறியில்தான் முடியும். எல்லா = குறியிலும் வெட்டி முதல் இரண்டு துண்டுகளை மட்டும் எடுத்தால், கையெழுத்தின் வால் அறுந்து செல்லாததாகிவிடும். முதல் = குறியில் மட்டும் வெட்டுவதே சரி.

* தமிழில் எழுதினால்? தாராளமாக எழுதலாம். ஆனால், சங்கேதத்தில் 'அம்மா' என்ற சின்ன வார்த்தை 45 குறிகளாக நீளும். அதைத் திருப்பி மாற்ற மறந்தால் திரையில் % குறிகளின் ஊர்வலம்தான்.

* தொகை, எண் இல்லை! பிரித்தெடுத்த எல்லாமே வெறும் எழுத்துதான். '100' என்ற எழுத்தோடு 50-ஐக் கூட்டினால் ஜாவாஸ்கிரிப்ட் 150 என்று சொல்லாது, 10050 என்று ஒட்டிவிடும். எண்ணாக மாற்றிவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும்.

ஒரே பெயர் இரண்டு முறை வந்தால்?

இதுதான் உண்மையிலேயே ஆபத்தானது. ஒரே வரியில் 'ஏஎம்=100' என்றும் 'ஏஎம்=1000' என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இப்படிப்பட்ட வரிகளைப் பிரிக்க பிரவுசர்களிலேயே 'யுஆர்எல் சர்ச் பாராம்ஸ்' என்ற கருவி இருக்கிறது. மேலே சொன்ன வெட்டும் வேலையையும் சங்கேதம் மாற்றும் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும். அதன் 'கெட்' கட்டளையிடம் தொகையைக் கேட்டால், முதலில் வந்த 100-ஐச் சொல்லும். அதே விவரங்களை மேப்பில் கொட்டிவிட்டுக் கேட்டால், கடைசியாக வந்த 1000-ஐச் சொல்லும். ஒரே வரிக்கு இரண்டு பதில்!

ஓர் ஆப்பில் திரையில் காட்டும் பகுதி ஒரு முறையிலும், பணம் அனுப்பும் பகுதி இன்னொரு முறையிலும் எழுதப்பட்டிருந்தால் என்ன ஆகும்? பார்த்தது 100, போனது 1000! எனவே, ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் எதை எடுப்பது என்று கோடு தானாக ஊகிக்கக் கூடாது. 'இந்த கியூஆர் சரியில்லை' என்று நிறுத்திவிடுவதே பாதுகாப்பு. பயிற்சிக்காக எழுதும் மாணவர்களும் இந்தப் பழக்கத்தை இப்போதே கற்றுக்கொள்வது நல்லது.

சரியாகப் படித்தால் போதுமா?

போதாது! கோடு எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும், ஸ்டிக்கரில் எழுதியிருப்பதைத்தான் அது படிக்கும். எழுதியது யார் என்று அதற்குத் தெரியாது. கடைக்காரரின் ஸ்டிக்கர் மேல் வேறொருவர் தன் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, 'பிஎன்' இடத்தில் அதே கடையின் பெயரை எழுதிவிட முடியும். பெயர் கடையுடையது, கணக்கு மோசடிக்காரருடையது.

இதனால்தான் யுபிஐ-யை நடத்தும் என்.பி.சி.ஐ. 2025-ல் ஓர் உத்தரவு போட்டது. பணம் அனுப்புவதற்கு முன், வங்கிக் கணக்கில் பதிவான பெயரைத்தான் ஆப்கள் காட்ட வேண்டும், கியூஆரிலிருந்து எடுத்த பெயரைக் காட்டக் கூடாது என்பதே அது.

இதையெல்லாம் மறக்காதீங்க!

* பின் நம்பரைப் போடுவதற்கு முன், திரையில் வரும் பெயரைக் கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேட்டு உறுதிசெய்யுங்கள். கடைக்கு ஒரு பெயர், உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கு வேறு பெயர் இருப்பதும் சகஜம். கேட்பதில் தவறில்லை.

* தொகை தானாக நிரம்பியிருந்தால், பில்லோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

* பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. 'ஸ்கேன் பண்ணி பின் போட்டா உங்களுக்குப் பணம் வரும்' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

* சொந்தக் கடை வைத்திருப்பவர்கள், தினமும் கடை திறந்ததும் ஸ்டிக்கரை ஒருமுறை ஸ்கேன் செய்து உங்கள் பெயர்தான் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

* ஏமாந்துவிட்டது தெரிந்தால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். வங்கிக்கும் உடனே தகவல் சொல்லுங்கள்.