சேவலும் விதைநெல்தான்

விதைநெல்லை எந்தக் கமக்காரரும் சோற்றுப் பானைக்குள் போடுவதில்லை. எவ்வளவு கஷ்டம் வந்தாலும் நல்ல துண்டில் விளைந்த நெல்லைப் பதர் நீக்கி, காயவைத்து, மூட்டை கட்டி ஒதுக்கிய பிறகுதான் மீதி நெல் சாப்பாட்டுக்கு. விதை கெட்டால் அடுத்த போகமும் கெடும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அதே வீட்டு முற்றத்தில் மேயும் ஊர்க்கோழிகள் விடயத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. கூட்டத்தில் எந்தச் சேவல் பெரியதோ அதுவே முதலில் வியாபாரியின் சைக்கிளில் ஏறுகிறது. கொழுத்த இளம் பேடு நத்தாருக்கோ தீபாவளிக்கோ கறியாகிறது. விலைபோகாத நோஞ்சான் சேவல் எஞ்சி நின்று அடுத்த தலைமுறைக்குத் தகப்பனாகிறது. பிறகு, "இப்போதைய ஊர்க்கோழி முந்தியதைப் போல் இல்லை" என்று பேசிக்கொள்கிறோம்.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இது சின்ன விடயமல்ல. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறி, இன்னும் சொந்தக் காணியில் குடியேறாதவர்கள் எம்மிடையே உள்ளனர். 2009இல் வன்னியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மெனிக் பாம் முகாமுக்குப் போனவர்களில் பலர், 2012 செப்டெம்பரில் அது மூடப்படும் முன்னர் படிப்படியாகத் திரும்பி, வெறும் வளவில் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். காணிக்கு உறுதி வேண்டும், வயலுக்குத் தண்ணீர் வேண்டும், மாட்டுக்கு மேய்ச்சல் தரை வேண்டும். கோழிக்கோ ஒரு முற்றமும் இரவில் அடைய ஒரு கூடும் போதும். இரவல் காணியில் இருக்கும் குடும்பமும் வளர்க்கக்கூடிய சொத்து அது. அந்தச் சொத்து வருடா வருடம் பெருகுமா தேயுமா என்பது, எதை விற்கிறோம், எதை வைத்திருக்கிறோம் என்ற முடிவிலேயே தங்கியுள்ளது.

மீள்குடியேறிய கிராமங்கள் பலவற்றில் வாழ்வாதார உதவியாகக் கலப்பினக் கோழிக்குஞ்சுகள் கொடுக்கப்பட்டன. கொடுத்தவர்களின் நல்லெண்ணத்தில் எமக்குச் சந்தேகமில்லை. நல்ல தீனும் பராமரிப்பும் இருந்தால் ஒரு கலப்பின முட்டைக்கோழி வருடத்திற்கு 300 முட்டை வரை இடும். ஊர்க்கோழியோ 10 முதல் 15 முட்டை இட்டதும் அடைக்கு இருந்துவிடும். இதை மட்டும் பார்த்தால் ஊர்க்கோழி தோற்றுப்போகும். ஆனால் கணக்கின் மறுபக்கமும் உண்டு. கலப்பின முட்டைக்கோழியிடம் அடைகாக்கும் குணம் அநேகமாக இல்லை. முட்டை நிற்காமல் வரவேண்டும் என்பதற்காகப் பல தலைமுறைத் தெரிவின் மூலம் அந்தக் குணம் குறைக்கப்பட்டது. அதன் முட்டையை வேறு கோழியின் கீழ் வைத்துப் பொரிக்கச் செய்தாலும், பிறக்கும் குஞ்சுகள் எல்லாம் தாயைப்போல் முட்டையிடுவதில்லை. ஆகவே அந்தக் கோழி முதிர்ந்ததும் மறுபடியும் குஞ்சு வாங்க வேண்டும், தீன் வாங்க வேண்டும். 2022இல் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கோழித்தீனுக்குத் தட்டுப்பாடு வந்து விலை ஏறியதையும், 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலை ஏற்பட்டதையும் நாம் மறந்துவிடக்கூடாது. சிந்திய தானியத்தையும் கறையானையும் பொறுக்கித் தின்று, 21 நாள் அடைகாத்து, பிராந்துக்கும் கீரிக்கும் தப்பவைத்துக் குஞ்சு வளர்க்கும் கோழிக்கு இந்த நெருக்கடிகள் அவ்வளவு பெரிதல்ல.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. இரண்டு இனமும் ஒரே முற்றத்தில் கலந்து திரியும்போது, அடைக்கு வைக்கக் கடகத்தில் சேரும் முட்டைகளில் பெரும்பங்கு யாருடையது? நிற்காமல் முட்டையிடும் கோழியுடையது. அடைக்கு இருக்கும் நல்ல தாய்க்கோழியின் முட்டைகள் சிலவே. இப்படி வைத்துப் பொரித்தால், சில தலைமுறைகளில் அடைகாக்கத் தெரிந்த பேடு அந்த முற்றத்தில் அருமையாகிவிடும். எந்தக் கோழியை அடைக்கு வைக்கிறோம் என்பது முக்கியம். அதன் கீழ் எந்தக் கோழியின் முட்டையை வைக்கிறோம் என்பது அதைவிட முக்கியம்.

அப்படியானால் எதைத் தெரிவு செய்வது? நிறமும் வால் அழகும் பிறகு பார்க்கலாம். முதலில் பார்க்க வேண்டியது தாய்க்கோழியின் கணக்கு. எத்தனை முட்டை வைத்தோம், எத்தனை பொரித்தது, எட்டாவது கிழமையில் எத்தனை குஞ்சு உயிரோடு நிற்கிறது என்ற மூன்று இலக்கங்களைக் கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்தால் போதும். அந்த மூன்றாவது இலக்கம்தான் உண்மையான விளைச்சல். 12 குஞ்சு பொரித்து மூன்றைக் காப்பாற்றிய கோழியைவிட, எட்டுக் குஞ்சு பொரித்து ஏழைக் காப்பாற்றிய கோழியே எமக்கு வேண்டியது. அப்படிப்பட்ட பேட்டின் காலில் ஒரு நிறச் சீலைத்துண்டைக் கட்டிவிட வேண்டும். அது விற்பனைக்கல்ல என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியட்டும்.

சேவலின் தெரிவு இதைவிடக் கவனமாகச் செய்யவேண்டியது. ஒரு சேவல் எட்டுப் பத்துப் பேடுகளுக்குப் போதுமானது. பிறக்கும் குஞ்சுகள் எல்லாவற்றிலும் பாதி அதனுடையது. ஒரு பேட்டைப் பிழையாகத் தெரிந்தால் அதன் குஞ்சுகளோடு பிழை நிற்கும். சேவலைப் பிழையாகத் தெரிந்தால் முற்றம் முழுவதும் பரவும். ஆனால் சேவல் முட்டையிடாது, அடைகாக்காது. அதன் இரத்தத்தில் அந்தக் குணங்கள் உண்டா என்று அதைப் பார்த்து அறிய முடியாது. ஆகையால் சேவலைத் தெரிவு செய்ய அதன் தாயைப் பாருங்கள். காலில் துணி கட்டிய பேட்டின் குஞ்சுகளுக்குள் வேகமாக வளர்ந்த, கால் நேரான, கண் தெளிந்த, நோய்ப்படாத சேவற்குஞ்சு ஒன்றை ஒதுக்குங்கள். கழுத்தில் இறகில்லாத கோழிகளைச் சிலர் அவலட்சணம் என்று கழித்துவிடுகிறார்கள். அவற்றின் உடற்சூடு இலகுவாக வெளியேறுவதால் எமது வெப்பத்தை அவை நன்றாகத் தாங்கும். அழகில்லை என்பதற்காக அவற்றைக் கழிக்க வேண்டாம்.

"பிள்ளைக்குக் கொப்பி வாங்கக் காசில்லாதபோது நல்ல சேவலை எப்படி வைத்திருப்பது?" என்று ஒரு தாய் கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானது. விற்கவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. விற்கும் ஒழுங்கை மாற்றவேண்டும் என்றே சொல்கிறோம். வளர்ச்சி குன்றிய சேவற்குஞ்சுகளை நாலு மாதமளவில், பேடுகளோடு சேரத் தொடங்குமுன் விற்றோ கறியாக்கியோ விடவேண்டும். அதனால் தீனும் மிச்சம், இனமும் மிச்சம். மேலும், இரண்டு மூன்று பேடுகளே உள்ள ஒவ்வொரு வீடும் ஒரு சேவல் வைத்திருக்கத் தேவையில்லை. வேலியடுத்த மூன்று நான்கு வீடுகள் பேசி ஒரு நல்ல சேவலை வைத்திருந்தால், அதை விற்காமல் வைத்திருக்கும் சுமையும் பங்கிடப்படும். ஆனால் எல்லா வீட்டாரும் மற்றச் சேவல்களைக் கழிக்கச் சம்மதிக்க வேண்டும்.

அதே சேவலைப் பல வருடம் வைத்திருப்பதும் நல்லதல்ல. தன் மகள்களோடும் பேத்திகளோடும் சேர்ந்தால் கூழ்முட்டை கூடும், குஞ்சுகள் நலியும். வருடத்திற்கு ஒரு தடவையாவது அயற்கிராமத்து நல்ல கூட்டம் ஒன்றோடு சேவலை மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றிய பின் மூன்று கிழமை பொறுத்தே அடைக்கு முட்டை சேர்க்க வேண்டும். பழைய சேவலின் விந்து பேட்டின் உடலில் இரண்டு மூன்று கிழமை தங்கியிருக்கும். நோய்த் தடுப்பையும் இதோடு சேர்த்தே சொல்கிறோம். நியூகாசில் நோய் வந்தால் தெரிந்ததும் தெரியாததும் ஒன்றாகவே சாகும். கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டு உரிய காலத்தில் தடுப்பு மருந்து கொடுக்காமல் தெரிவுக்கு வேலையில்லை.

இடம்பெயர்ந்து பழகிய எமக்கு இன்னொன்றும் தெரியும். ஒரே வளவில் உள்ளது ஒரே நாளில் போய்விடலாம். ஆடு மாடுகளை வாரத்துக்கு விடுவது போல, நல்ல பேட்டின் குஞ்சுகளில் இரண்டை உறவினரிடமோ வேறு கிராமத்து நண்பரிடமோ கொடுத்து வையுங்கள். எமது முற்றம் வெறுமையானாலும் எமது இனம் எங்கோ மேய்ந்துகொண்டிருக்கும்.

உதவி வழங்குவோரிடமும் ஒரு வேண்டுகோள். வெளியிலிருந்து குஞ்சு கொண்டுவருமுன், அயற்கிராமங்களில் நல்ல ஊர்க்கோழி வளர்க்கும் குடும்பங்களைத் தேடிப் பாருங்கள். அவர்களிடம் வாங்கிக் கொடுத்தால் ஒரே காசில் இரண்டு குடும்பங்கள் பயனடையும்.

இனவிருத்தி என்றால் ஆய்வுகூடத்து வேலை என்று பயப்படத் தேவையில்லை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நெட்டி மெட்காஃப் என்ற பண்ணைப் பெண், தன் ஊரின் கடும் குளிரைத் தாங்கும் கோழி வேண்டுமென்று வேறு இனங்களைக் கலந்து, தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து, பக்கை என்ற இனத்தையே உருவாக்கினார். 1900களின் தொடக்கத்தில் அது தனி இனமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. புது இனம் உருவாக்கும்படி எமது பெண்களை நாம் கேட்கவில்லை. உள்ளதைத் தேயவிடாமல் காக்கும்படியே கேட்கிறோம். எந்தப் பேடு நல்ல தாய் என்பது வீட்டில் அவர்களுக்குத்தான் தெரியும். ஆகவே எந்தக் கோழியை விற்பது என்ற முடிவும் அவர்களுடையதாக இருக்கட்டும். வியாபாரி படலையில் மணியடிக்குமுன் அந்த முடிவு எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.