தப்பு விடையை அடிப்பதும் ஒரு வாசிப்புதான்

கேட் தேர்வுக்குப் படிக்கும் மக்கள் எல்லாருக்கும் ஒரு மந்திரம் தெரியும். "சரியான விடையைத் தேடாதே, தப்பானதை அடி." ஆங்கிலப் பத்தியைப் படித்து விடை சொல்லும் கேள்விகளுக்கு கோச்சிங் சென்டர்களில் ஓதுவது இதைத்தான். மந்திரத்தோடு எனக்குச் சண்டை இல்லை. நம்ம ஆட்கள் அடிக்கிற விதத்தோடுதான்.

முதலில் கணக்கு. நாலு ஆப்ஷன், சரியென்றால் 3 மார்க், தப்பென்றால் 1 மார்க் போச்சு. குத்துமதிப்பாகத் தொட்டால் சராசரி பூஜ்யம். ஒன்றை ஒழுங்காக அடித்துவிட்டு மீதியில் தொட்டால் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு மார்க் லாபம், இரண்டை அடித்தால் முழுசாக ஒரு மார்க். ஆனால் அடித்ததே சரியான விடையாக இருந்துவிட்டால்? அப்புறம் எதைத் தொட்டாலும் மைனஸ்தான்.

அப்படி அடிக்க வைப்பது ஒரு குறுக்கு வழி. 'மட்டும்', 'எப்போதும்', 'ஒருபோதும்' என்று வந்தால் யோசிக்காமல் அடித்துவிடு என்பார்கள். சுத்த அபத்தம். நானே ஒரு குட்டிப் பத்தி எழுதிக் காட்டுகிறேன் (தமிழில்தான், பயப்படாதீங்க):

"2015 டிசம்பரில் சென்னையில் பெய்த மழை அளவுக்கு மிஞ்சியதுதான். ஆனால் வேளச்சேரி ஏரி இவ்வளவு சுருங்காமல் இருந்திருந்தால் அந்தப் பக்கம் சேதம் குறைந்திருக்கும்."

எழுதியவர் கருத்து என்ன? (1) ஏரி சுருங்கியதுதான் வெள்ளத்துக்கு ஒரே காரணம். (2) அந்த வெள்ளத்தில் விமான நிலையத்தையே மூடினார்கள். (3) மழை வழக்கமான அளவுதான், ஏரி சுருங்கியதால்தான் சேதம் கூடியது. (4) சேதத்துக்குக் காரணம் மழை மட்டும் அல்ல.

விடை 4. அதில் 'மட்டும்' இருக்கிறது, கவனித்தீர்களா? குறுக்கு வழிக்காரர் முதலில் அதைத்தான் அடித்திருப்பார். 1 தப்பு, ஏனென்றால் மழையின் பங்கை எழுதியவரே ஒத்துக்கொள்கிறார். 3-இல் வால் சரி, தலை தப்பு. அவசரத்தில் வாலைப் பார்த்து டிக் பண்ணுகிறவர்கள் ஏராளம். ரொம்ப ஆபத்தானது 2. நிஜத்தில் நடந்த விஷயம், ஆனால் பத்தியில் இல்லை. சென்னைக்காரர்கள்தான் இதில் அதிகம் விழுவார்கள். விஷயம் தெரிந்தவனுக்கு வைக்கிற பொறி!

ஆக, ஒன்றை அடிக்கும்போது பத்தியில் எந்த வரி அதை அடிக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியணும். இல்லை, அப்படி ஒரு வரியே பத்தியில் கிடையாது என்று நிச்சயமாகச் சொல்ல முடியணும். இரண்டும் முடியாவிட்டால் அடிக்காதீங்க.

"40 நிமிடத்தில் இதுக்கெல்லாம் ஏது நேரம்?" என்று கேட்பீர்கள். நேரத்தைத் தின்பது அது இல்லை. கடைசி இரண்டு ஆப்ஷன்களையும் மாறி மாறி முறைத்துப் பார்க்கிறோமே, அதுதான். இரண்டுக்கும் எந்தச் சொல்லில் வித்தியாசம் என்று பார்த்து, அந்தச் சொல்லோடு பத்திக்குத் திரும்பினால் பாதி நேரம் மிச்சம்.

ஜி.ஆர்.இ. எழுதப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே மூன்று ஆப்ஷன் கொடுத்து, பொருந்தும் எல்லாவற்றையும் குறிக்கச் சொல்லும் கேள்விகள் உண்டு. மூன்றுமே சரியாகவும் இருக்கலாம். இரண்டை அடித்துவிட்டு மிச்சத்தைக் குறிக்கும் வித்தை அங்கே பலிக்காது.