வெளுத்ததெல்லாம் பாலா?

"மில்க்கி ஒயிட்" என்று ஒரு இங்கிலீஷ் வார்த்தை. பால் போன்ற வெள்ளை என்று அர்த்தம்.

வாழப்பாடி, ஆத்தூர் பக்கம் போனால், இங்கிலீஷ் படிக்காதவர்கள் வாயில்கூட இந்த வார்த்தையைக் கேட்கலாம். மரவள்ளிக் கிழங்கு விளையும் பூமி அது. ஜவ்வரிசி ஆலைகள் நிறைந்த பகுதி. ஜவ்வரிசி வியாபாரத்தில் "மில்க்கி ஒயிட்" என்பது வெறும் நிறம் அல்ல. அதுதான் விலை!

இரண்டாம் உலகப் போரின்போது, வெளிநாட்டு ஜவ்வரிசி வருவது நின்றது. 1943-ம் ஆண்டு வாக்கில், சேலம் மாணிக்கம் செட்டியார் மரவள்ளி மாவில் ஜவ்வரிசி செய்யும் தொழிலில் இறங்கினார். தொழில் வளர்ந்தது. 1981-ல் ஆலைக்காரர்களுக்காக "சேகோசர்வ்" என்ற கூட்டுறவு சங்கம் ஏற்பட்டது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வடநாட்டில் விரத நாட்களில் இந்த ஜவ்வரிசியைத்தான் சமைத்துச் சாப்பிடுகிறார்கள்.

இவ்வளவு பெயர் பெற்ற பண்டத்துக்கு ஒரு வார்த்தையால் கேடு வரலாமா?

கிழங்கின் தோலை உரித்து, நல்ல தண்ணீரில் கழுவி, அரைத்துப் பால் எடுத்து, மாவைத் தெளிய வைத்து, திரட்டி, வறுத்து, வெயிலில் காய வைத்தால் ஜவ்வரிசி தயார். அதற்கு இயற்கையாகவே ஒரு வெள்ளை உண்டு. ஆனால், அது கண்ணைப் பறிக்கும் வெள்ளை அல்ல. சற்று மங்கலாகவே இருக்கும்.

வாங்குபவரோ, "இன்னும் வெள்ளையாக இல்லையா?" என்று கேட்கிறார். சிலர் என்ன செய்கிறார்கள்? தோலைச் சரியாக உரிப்பதில்லை. கழுவுவதிலும் சிக்கனம். மாவு கறுத்துப் போகிறது. அதை மறைக்க, சலவைக்குப் போடும் மருந்தைக் கலக்கிறார்கள்! உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சேலம் மாவட்ட ஆலைகளில் சோதனை போட்டு, இப்படிப்பட்ட சரக்கைப் பறிமுதல் செய்த செய்தி பல தடவை வந்திருக்கிறது.

இதில் நஷ்டம் யாருக்கு? கஞ்சி குடிக்கும் குழந்தைக்கு. காய்ச்சலில் கிடக்கும் நோயாளிக்கு. ஒழுங்காகத் தொழில் செய்யும் ஆலைக்காரருக்கும்தான். அவர் சரக்கு சுத்தமானது. ஆனால் "மங்கல்" என்று விலையைக் குறைத்து விடுகிறார்கள். யோக்கியனுக்கு அபராதம், ஏமாற்றுக்காரனுக்குப் பரிசு! இது என்ன நியாயம்?

அதிகாரிகள் சோதனை போடுவது அவசியம். ஆனால், அது மட்டும் போதாது. வெள்ளைக்கு அதிக விலை கிடைக்கும் வரை, வெளுக்கிறவனும் இருப்பான்.

தாய்மார்களே! கடையில் ஜவ்வரிசி வாங்கும்போது, "வெள்ளையாகக் கொடு" என்று கேட்காதீர்கள். "சுத்தமாகக் கொடு" என்று கேளுங்கள். பாக்கெட்டில் தயாரித்தவர் பெயரும், உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். மருந்து கலந்ததா என்பதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. சந்தேகம் இருந்தால், கட்டணம் கட்டிச் சரக்கைச் சோதித்துப் பார்க்க, 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வாங்குபவருக்கே உரிமை கொடுத்திருக்கிறது.

வியாபாரிகளும் ஒன்றை நினைக்க வேண்டும். நிறத்துக்கு விலை வைப்பதை விட்டு, சுத்தத்துக்கு விலை வையுங்கள்.

வெளுத்ததெல்லாம் பால் அல்ல என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்தார்கள். "மில்க்கி ஒயிட்" என்ற வார்த்தை வருவதற்கு முன்பே சொன்ன பதில் அது!