டிரிப்பரைத் தூக்கிவிடச் சொல்பவர் எங்கே நிற்கிறார்?

மீமிசல் பக்கம் இறால் பண்ணைகளுக்கு இரவுக் காவலுக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு அந்த வாசகம் பழக்கமானது. குளத்தில் காற்றடிக்கும் மோட்டார் நின்றுவிட்டால் முதலாளிக்கு போன் போகும். "டிரிப்பர் விழுந்திருக்கும், தூக்கிவிடுடா" என்று பதில் வரும். ஏன் விழுந்தது என்று கேட்க நேரமில்லை, இறால் செத்துவிடும். ஈரக்காலோடு மின்பெட்டியைத் திறப்பவன் ஒருவன். சொல்பவர் வீட்டுக் கட்டிலில் இருக்கிறார்.

இதே கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கே போனால் கல்பாக்கம் வரும். அணுசக்தி வளாகத்தில் ஒப்பந்த வேலை கிடைக்காதா என்று ஐ.டி.ஐ. முடித்த நம் இளைஞர்கள் விசாரித்துக்கொண்டே இருக்கிறார்கள். போகட்டும். ஆனால் அங்கேயும் ஒரு 'தூக்கிவிடு' இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு போகட்டும்.

கதிர்வீச்சுக் கூடங்களில் 'இன்டர்லாக்' என்று ஒரு ஏற்பாடு உண்டு. கோபால்ட் போன்ற கதிர்வீச்சு மூலம் கவசத்தைவிட்டு வெளியே இருக்கும்போது அறைக்கதவு திறக்காது. கதவு திறந்திருந்தால் மூலம் மேலே வராது. இந்த அமைப்பு அடிக்கடி சின்னச் சின்னதாகப் பழுது காட்டும். கதவின் சுவிட்ச் சரியாக ஒட்டாது, எங்கோ ஒரு பெட்டி இடிக்கும், அலாரம் அடிக்கும். பெரும்பாலும் அது வெறும் பழுதுதான். ஆபத்தும் அங்கேதான். பத்து முறை பொய்யாக அடித்த மணி பதினோராவது முறை உண்மையாக அடிக்கும்போது கை பழக்கத்தில் 'ரீசெட்'டை அழுத்திவிடுகிறது.

1990 ஜூன் 21 அன்று இஸ்ரேலின் சோரெக் அணு ஆய்வு மைய வளாகத்தில் இதுதான் நடந்தது. மூலம் கீழே இறங்கிவிட்டது என்று ஒரு விளக்கு சொன்னது. கதிர்வீச்சு இருக்கிறது என்று இன்னொரு அலாரம் கத்தியது. இயக்குநர் அலாரத்தைத்தான் பழுது என்று எண்ணினார். அதன் இணைப்பைத் துண்டித்துவிட்டு உள்ளே போனார். அட்டைப்பெட்டி இடித்து, மூலம் மேலேயே நின்றிருந்தது. ஓரிரு நிமிடம்தான் உள்ளே இருந்தார், 36-ஆவது நாள் இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரியில் எல் சால்வடாரில் இரவுப் பணியில் இருந்த தொழிலாளி ஒருவர், சிக்கிக்கொண்ட மூலத்தை விடுவிக்கப் பாதுகாப்பு அமைப்பை ஏமாற்றிவிட்டு உள்ளே போனார். உதவிக்கு வேறு பிரிவிலிருந்து இருவரை அழைத்துப் போனார். முறையான பயிற்சி மூவருக்குமே இல்லை. ஒருவர் இறந்தார், இன்னொருவர் கால்களை இழந்தார்.

நம் கல்பாக்கத்தில் 2003 ஜனவரி 21 அன்று நடந்ததில் அழுத்துவதற்குப் பொத்தான்கூட இல்லை. அணு எரிபொருள் மறுசுழற்சி ஆலையில் வால்வு ஒன்று பழுதாகி, கடும் கதிரியக்கக் கழிவு, குறைந்த கழிவுக்கான தொட்டிக்குள் புகுந்துவிட்டது. அதைக் காட்டிக்கொடுக்க அந்த இடத்தில் கதிர்வீச்சு அளவி இல்லை. மாதிரி எடுக்கப் போன வேலையில் ஆறு தொழிலாளர்கள் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். இந்தியாவில் ஒரு தொழிலாளி ஓராண்டில் 30 மில்லிசீவர்ட்டுக்கு மேல் பெறக் கூடாது. அவர்களில் சிலர் பெற்றது அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். இது வெளியே தெரிய ஆறு மாதத்துக்கு மேல் ஆனது, அதுவும் தொழிலாளர் சங்கம் பேசியதால். அந்த ஆலை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கீழ் வருவது. அம்மையத்தின் கூடங்கள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் மேற்பார்வையிலிருந்து 2000-ஆம் ஆண்டிலேயே விலக்கப்பட்டிருந்தன. வெளியிலிருந்து கேள்வி கேட்க ஆள் இல்லாத இடத்தில் வால்வு மட்டும் ஒழுங்காக இருக்குமா?

அந்த அறுவர் என்ன சாதி என்று நான் சொல்ல வரவில்லை, எனக்கு அது தேவையுமில்லை. ஆனால் உள்ளே இறங்குபவர் யார், மேலே நின்று சொல்பவர் யார் என்ற கேள்வி சேரியில் பிறந்த எவருக்கும் புதிதல்ல. மலக்குழியில் விஷவாயு இருக்கிறதா என்று பார்க்கக் கருவி இருக்கிறது, 2013-இல் வந்த சட்டமும் இருக்கிறது. சாவுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்றும் கருவிக்குப் பதில் ஆளைத்தான் இறக்குகிறார்கள். அணுக்கூடத்தின் சுவர் வெள்ளையாக இருப்பதால் மட்டும் இந்தப் பழக்கம் வாசலிலேயே நின்றுவிடும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

அலாரம் அடித்தால், பழுது எவ்வளவு சிறியதானாலும், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் வந்து அளந்து பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்திட்ட பிறகே மீண்டும் இயக்க வேண்டும். கையில் அளவி இல்லாமல் எவரும் கதவைத் தாண்டக் கூடாது. எச்சரிக்கைப் பலகையும் பயிற்சியும் தமிழில் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஆங்கிலக் கையேட்டைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது பயிற்சி ஆகாது. 'உள்ளே போக மாட்டேன்' என்று சொன்னவரின் வேலை மறுநாளும் இருக்க வேண்டும். இது இல்லாவிட்டால் மற்றவை எல்லாம் காகிதம்தான், ஏனென்றால் தினக்கூலிக்காரரால் மறுக்க முடியாது.

வேலைக்குப் போகும் தம்பி, தங்கைகள் முதல் நாளே ஒன்று கேளுங்கள்: சட்டையில் குத்தும் கதிர்வீச்சு அளவி அட்டை உங்கள் பெயரில் இருக்கிறதா, ஒப்பந்தக்காரர் பெயரில் இருக்கிறதா? அதில் பதிவான அளவை எழுத்தில் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்திலேயே பத்திரமாக வையுங்கள்.