வெறுந்தேநீரும் வெறும் வயிறும்



நோன்பு மாதம் வந்துவிட்டால் நாம் எப்படி மாறிவிடுகிறோம்! அதிகாலை 3 மணிக்கே எழும்பி, சோறும் கறியும் சூடாக்கி, "இன்னும் ஒரு பிடி சாப்பிடுங்க மகன், பின்னேரம் வரைக்கும் தாங்க வேண்டுமே" என்று பிள்ளைகளிடம் கெஞ்சுகிறோம். பெருநாள் பிறை கண்டதும் அந்தக் கரிசனை எங்கே போய்விடுகிறது? மற்ற 11 மாதமும் அதே பிள்ளை ஒரு கோப்பை பிளேன்டியோடும் இரண்டு பிஸ்கட்டோடும் பாடசாலைக்குப் போகின்றது.

ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். இரவு 8 மணிக்குச் சாப்பிட்ட பிள்ளைக்கு அடுத்த சாப்பாடு இடைவேளையில், 10.30 மணிக்கு. இடையில் 14½ மணித்தியாலம்! நம் நாட்டில் ஒரு நோன்பின் நேரம்கூட ஏறத்தாழ 13½ மணித்தியாலம்தான். அதற்கும் ஸஹர் செய்துவிட்டல்லவா நோற்கிறோம்?

நாம் உறங்கும்போதும் மூளை உறங்குவதில்லை. அதற்கு வேண்டிய குளுக்கோஸை ஈரல் தன் சேமிப்பிலிருந்து இரவு முழுவதும் கொடுத்துக்கொண்டிருக்கிறது. விடியும்போது அந்தச் சேமிப்பு வெகுவாகக் குறைந்திருக்கும். ஆசிரியையாக இருக்கும் என் தங்கை சொல்வாள்: காலைக் கூட்டத்தில் தலைசுற்றி உட்காரும் பிள்ளையிடம், "என்ன சாப்பிட்டு வந்தாய்?" என்று கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான். "டீ குடிச்சேன் டீச்சர்."

அந்தத் தேநீரிலும் ஒரு விடயம் இருக்கிறது. கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவதைத் தேயிலை தடுக்கும். மாதந்தோறும் இரத்தம் இழக்கும் பெண்பிள்ளைகளுக்கு இது சிறிய நட்டமல்ல. தேநீரை விடச் சொல்லவில்லை (சொன்னாலும் கேட்கமாட்டீர்கள்!). சாப்பாட்டோடு வேண்டாம், ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். தேசிக்காய் பிழிந்த சம்பலோ ஒரு துண்டு பப்பாளியோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

விலைவாசியைச் சொல்வீர்கள். உண்மைதான். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் எத்தனையோ வீடுகளில் வேளைச் சாப்பாடே குறைந்தது. ஆனால் காலை ஆகாரத்துக்கு விலையுயர்ந்த பெட்டிகள் தேவையில்லை. அவித்த கடலையில் தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்தால் போதும். பயறு அவித்துக் கட்டசம்பல் வைக்கலாம். சிவப்பரிசியில் வல்லாரை அல்லது முருங்கை இலைச் சாறு விட்டுத் தேங்காய்ப்பாலில் இலைக்கஞ்சி காய்ச்சலாம். பாண்தான் என்றால் பட்டரும் சீனியும் தடவிக் கொடுக்காமல் பருப்புக் கறியோ ஒரு முட்டையோ சேர்த்துக் கொடுங்கள்.

இனி உங்களைப் பற்றிக் கேட்கிறேன். நீங்கள் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள்? எல்லோரையும் அனுப்பி, கூட்டி, கழுவி, 11 மணிக்கு மிஞ்சிய பாண் ஓரத்தைத் தேநீரில் தொட்டா? நானும் அப்படித்தான் இருந்தேன். படியேறினால் மூச்சு வாங்கும், வயது போகிறது என்று நினைத்தேன். இரத்தம் சோதித்தபோது ஹீமோகுளோபின் 9. பெண்களுக்கு 12ஆவது இருக்க வேண்டும். டாக்டர் இரும்பு மாத்திரை எழுதிவிட்டுக் கேட்டார்: "காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள்?" பதில் சொல்ல வெட்கமாக இருந்தது.

இப்போது பிள்ளைகளோடு நானும் 6.30க்கு உட்கார்ந்துவிடுகிறேன். பாத்திரங்கள் கிடந்தால் கிடக்கட்டும்.

இன்றிரவு படுக்குமுன் கொஞ்சம் கடலை ஊறப்போடுங்கள். அளக்கும்போது உங்கள் பங்கையும் சேர்த்தே அளவுங்கள்.