வானத்திலிருந்து எடுத்த படம் கிராம சபைக்கு வரட்டும்!



குண்டாற்றுக் கண்மாய்களை நம்பிப் பிழைக்கிறவர்கள் நாம். திருமங்கலம், காரியாபட்டி, திருச்சுழி, கமுதி என்று வருகிற ஆறு. மழை பெஞ்சா சில நாள் ஓடும், மிச்ச நாளெல்லாம் மணல்தான். மேலே உள்ள கண்மாய் நிறைஞ்சு கலுங்கு பாய்ந்தால்தான் கீழே உள்ள கண்மாய்க்குத் தண்ணீர். மேலே ஒரு வரத்துக்கால் அடைபட்டால் கீழே நாலு ஊர் காயும். இதை நமக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

நீர்வடிப்பகுதி மேம்பாட்டுத் திட்டம் என்று வருகிறார்கள். எங்கே தடுப்பணை, எங்கே பண்ணைக்குட்டை, எந்த மானாவாரிக் காட்டில் மண்வரப்பு என்பதைச் செயற்கைக்கோள் படத்தை வைத்து, கம்ப்யூட்டரில் வரைபடம் போட்டு முடிவு செய்கிறார்கள். செய்யட்டும். நம் சங்கம் விஞ்ஞானத்துக்கு எதிரி இல்லை. நாம கேட்கிறது ஒன்றுதான். அந்தப் படம் எங்கே? நிலத்துக்காரனுக்கு அதை ஏன் காட்டவில்லை?

நம் கிளை உள்ள ஓர் ஊரில் நடந்ததைச் சொல்கிறோம். ஓடையில் ஒரு தடுப்பணை கட்டினார்கள். கட்டி ரெண்டு மழைக்காலம் போச்சு, ஒரு சொட்டுத் தண்ணி நிக்கல. என்னய்யா காரணம்னு கேட்டா, "வரைபடத்துல ஓடை இருக்குதே" என்று பதில். வரைபடத்தில் இருக்கிறது, உண்மைதான். நிலத்தின் மேடு பள்ளத்தைக் கணக்குப் போட்டு, தண்ணீர் இப்படித்தான் போகணும் என்று கம்ப்யூட்டர் கோடு கிழித்திருக்கிறது. ஆனால் மேலே தார் ரோட்டை உயர்த்திப் போட்டபோது பாலம் வைக்காமல் விட்டார்கள். அன்றைக்கே தண்ணீர் ரோட்டோரமாகத் திரும்பி வேறு பக்கம் போய்விட்டது. ஆடு மேய்க்கிற சின்னப் பையனைக் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பான். கேட்கவில்லை. இப்போது அந்தத் தடுப்பணை துணி காயப்போட உதவுகிறது.

இது சின்னப் பணம் இல்லை. மத்திய அரசு 2021ல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் சமவெளிக்கு ஹெக்டேருக்கு 22,000 ரூபாய், கரடுமுரடான பகுதிக்கு 28,000 ரூபாய் என்று நிர்ணயித்தது. 5,000 ஹெக்டேர் உள்ள ஒரு திட்டத்துக்கு, குறைந்த கணக்கில் பார்த்தாலும் 11 கோடி. அந்தப் பதினோரு கோடி எந்த சர்வே நம்பரில் இறங்குகிறது என்று தெரிந்துகொள்ள நமக்கு உரிமை இல்லையா?

தண்ணீர்க் கணக்கையும் பாருங்கள். ஒரு ஏக்கரில் ஒரு மில்லி மீட்டர் மழை விழுந்தால் அதுவே ஏறக்குறைய 4,000 லிட்டர். 500 ஹெக்டேரில் 5 சென்டி மீட்டர் மழை ஒரே நாளில் கொட்டினால் 25 கோடி லிட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஓடிவந்தாலும் 5 கோடி லிட்டர். அது கண்மாய்க்குள் வருவதும், வராமல் கடலுக்குப் போவதும் ஒரு வாய்க்காலின் வாட்டத்தில் இருக்கிறது.

செயற்கைக்கோள் படம் நமக்குப் பெரிய ஆயுதம், தோழர்களே. 1988ல் ஐ.ஆர்.எஸ். 1ஏ போனதிலிருந்து நம் நாட்டுச் செயற்கைக்கோள்களே நம் நிலத்தைப் படம் பிடித்து வருகின்றன. 2005ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய கார்ட்டோசாட் 1 இரண்டரை மீட்டர் அளவுக்குத் துல்லியமாக எடுத்தது. 2009ல் வந்த இஸ்ரோவின் புவன் தளத்தில் யாரும் பார்க்கலாம். ஐரோப்பியர்களின் சென்டினல் 2 செயற்கைக்கோள்கள் எடுக்கிற படமும் இலவசம்தான், ஐந்து நாளைக்கு ஒருமுறை புதுப்படம். கம்ப்யூட்டரில் கூகுள் எர்த் வைத்திருக்கிற பிள்ளைகளிடம் பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்திய படத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். வரத்துக்கால் எங்கே இருந்தது, யார் காட்டோடு சேர்ந்து காணாமல் போனது என்று தெரிந்துவிடும். இந்தப் படம் கிராம சபைக்கு வரக்கூடாது என்று சிலர் நினைப்பது ஏன் என்பதும் அப்போது புரியும்!

ஆனால் படத்துக்குத் தெரியாததும் நிறைய உண்டு. அதிகாரிகள் வைத்திருக்கிற வண்ணப்படத்தில் பச்சைப் பயிர் சிவப்பாகத் தெரியும். பயந்துடாதீங்க, அது அப்படித்தான். நம் கண்ணுக்குத் தெரியாத ஒருவகை ஒளியை இலை அதிகமாகத் திருப்பி அனுப்பும். அதைச் சிவப்பாகக் காட்டுவது வழக்கம். கண்மாய் உள்வாய் முழுக்க சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தால் அதுவும் சிவப்புத்தான். நெல்லா, கருவையா, தோப்பா என்று நேரில் வந்து பார்க்காமல் எழுதினால் கருவைக்காடும் கணக்கில் பயிர்நிலமாகிவிடும். படம் எடுத்த மாதத்தையும் கேட்க வேண்டும். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகை. அப்போது மேகம் மூடியிருந்தால் சாதாரணப் படத்தில் ஒன்றும் தெரியாது. சித்திரையில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, "இது தண்ணி நிக்காத கண்மாய்" என்று ஒருவர் எழுதிவிட்டால் யார் கேட்பது?

இன்னொரு விஷயம், இது முக்கியம். நம்ம பூமி தட்டையான பூமி. வாய்க்கால் வாட்டம் ஒரு அடி, அரை அடியில் நிற்கிறது. இலவசமாகக் கிடைக்கிற உயரக் கணக்கோ 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. உயரத்தில் சில மீட்டர் தவறு வரலாம். அடர்ந்த கருவையின் தலையையும் தரை என்று எடுத்துக்கொள்ளும். மலையடிவாரத்துக்கு இது போதும். சமவெளிக் கரிசலில் இதை மட்டும் நம்பி வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் எதிர்ப்பக்கம்தான் போகும். லெவல் கருவியை வைத்துத் தரையில் பார்த்தே ஆகவேண்டும். கூட நம் நீர்பாய்ச்சியும் நிற்க வேண்டும்.

முடியாத காரியமா? பக்கத்துக் கர்நாடகத்தில் உலக வங்கிக் கடனில் சுஜலா என்ற திட்டம் நடந்தது. கோலார், தும்கூர், சித்ரதுர்கா, ஹாவேரி, தார்வாடு என ஐந்து மாவட்டங்கள். செயற்கைக்கோள் படத்தின் மேல் சர்வே வரைபடத்தைப் பொருத்தி, விவசாயிகளோடு உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். பின்னால் வந்த கட்டத்தில் மண்ணின் ஆழம், சரிவு, தன்மை எல்லாவற்றையும் சர்வே நம்பர் வாரியாக எடுத்தார்கள். உலக வங்கிக் கடனில் நமக்கு விமர்சனம் உண்டு, அதை இன்னொரு பிரசுரத்தில் பேசுவோம். படத்தை விவசாயி முன்னால் விரித்துப் போட முடியும் என்பது அங்கே நிரூபணமாகிவிட்டது.

நாம் புதிதாக எதையும் கேட்கவும் இல்லை. மத்திய அரசின் 2008ஆம் ஆண்டு பொது வழிகாட்டு நெறிமுறையிலேயே இருக்கிறது: நீர்வடிப்பகுதிக் குழுவைக் கிராம சபைதான் அமைக்க வேண்டும், விரிவான திட்ட அறிக்கையில் சர்வே நம்பர், நில உரிமை விவரம், எந்த வருடம் எந்த வேலை எங்கே என்று காட்டும் வரைபடம் வேண்டும். ஏட்டுல இருக்கு. ஊருக்கு வரல. வந்தாலும் ஆங்கிலத்தில், சர்வே நம்பர் இல்லாமல், பேப்பர் அளவுக்குச் சுருக்கி வருகிறது. கையெழுத்து மட்டும் நம்மிடம் வாங்குகிறார்கள்.

ஆகவே சங்கத்தின் கோரிக்கை இது. திட்ட அறிக்கை மேலே போவதற்கு முன்பே, சுவரில் மாட்டுகிற அளவில், தமிழில், சர்வே நம்பரோடு செயற்கைக்கோள் படத்தைக் கிராம சபையில் விரித்து வைக்க வேண்டும். தண்ணீர் ஊர் எல்லை பார்த்து ஓடுவதில்லை. அதனால் மேல் கண்மாய் ஊரையும் கீழ் கண்மாய் ஊரையும் ஒன்றாகக் கூட்டிப் பேச வேண்டும். ஊர் மக்கள் சொல்லும் திருத்தத்தைப் படத்திலேயே குறித்து, நகல் தர வேண்டும். பட்டா இல்லாத, குத்தகைக்கு உழுகிற குடும்பத்தின் பேச்சும் அதில் ஏற வேண்டும். நடந்து முடிந்த வேலைகளின் வரைபடத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு ஒவ்வொரு கிளையும் மனுப் போடுங்கள். பதில் வராவிட்டால் ஒன்றிய அலுவலகத்தின் முன் உட்காருவோம்.

வருகிற அக்டோபர் 2 கிராம சபைக்கு யாரும் வேலைக்குப் போகாதீங்க. உங்க நிலத்தின் புலப்படம், பட்டா நகல் எடுத்துட்டு வாங்க. பழைய மடை, கலுங்கு, அழிஞ்சுபோன வாய்க்கால் தெரிஞ்ச பெரியவங்களைக் கையோடு கூட்டிட்டு வாங்க. செல்போன்ல வரைபடம் பார்க்கத் தெரிஞ்ச பிள்ளைகளை அவங்க பக்கத்துல உட்கார வையுங்க.